திறக்காமல் வைத்த ஊர்

எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து ஒட்டு வீட்டு வரிசையில், என் வாய்க்குப் பயந்தவர்கள் எப்போதும் உண்டு. ஆனால் ஒரு மழைக்காலம் முழுக்க, நான் மாலை பஸ்ஸில் வந்து இறங்கும்போதெல்லாம் ஆட்கள் வாசலுக்கு வந்து என் முகத்தைப் பார்த்தார்கள். "ஏம்பேரு இருக்கா புள்ள?" என்று கேட்டார்கள். நான் "இருக்கு" என்றால் மூச்சு விட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அப்போது எனக்கே சிரிப்பு வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுத் தலவாக்கலை டவுனில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வகுப்பு என்றால் பேக்கரிக்கு மேல்மாடியில் ஒரு நீள அறை, ஆறு கம்ப்யூட்டர், பதினெட்டு நாற்காலி. முதலாளி அதே தெருவில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம்காரர். டவுனில் எல்லாரையும் போல நானும் அவரை நானா என்றே கூப்பிடுவேன். எனக்கு வேலை பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுப்பதும், டிஸ்க்குகளைப் பூஞ்சணத்திலிருந்து காப்பாற்றுவதும். எங்கள் ஊர் ஈரத்துக்கு அரிசி, துணி, செருப்பு எல்லாம் பூக்கும். சீடியும் பூக்கும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். டிஸ்க் அலமாரிக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்று பகல் முழுக்க எரிந்துகொண்டிருக்கும்.

வகுப்பு நாலு மணிக்கு முடிந்துவிடும். எங்கள் தோட்டத்துக்கு பஸ் ஐந்தரைக்குத்தான். இடையிலுள்ள நேரம் என்னுடையது.

நானா கொழும்புக்குச் சரக்கு எடுக்கப் போகும்போது விளையாட்டு சீடிகளும் வாங்கி வருவார். எல்லாம் நகல்தான்; மேலே மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருக்கும். அசல் சீடி என்று ஒன்று இருப்பதையே நாங்கள் கண்டதில்லை. பையன்களுக்குக் கார் ஓட்டுவதும் சுடுவதும் பிடிக்கும். யாரும் தொடாத ஒரு சீடி இருந்தது. ஊர் கட்டுகிற விளையாட்டு. திரையில் ஒரு வெறும் மலைச்சரிவு. நீ வீடு கட்டலாம், தண்ணீர் இழுக்கலாம், பழமரம் நடலாம். கீழ் மூலையிலிருக்கும் வாசல் வழியாக ஒவ்வொருவராக ஆட்கள் வந்து குடியேறுவார்கள். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் பெயர் இருக்கும். அதை அழித்து நமக்குப் பிடித்த பெயர் போடலாம், ஆங்கிலத்தில், எட்டு எழுத்துக்குள். சண்டை கிடையாது. இரும்புச் சாமான் தட்டுகிற மாதிரி மெல்லிய ஒரு இசை மட்டும் ஓடும்.

வீடுகளைத் தள்ளித் தள்ளிக் கட்டச் சொல்லி விளையாட்டு படம் போட்டுக் காட்டியது. நான் பழக்கதோஷத்தில் பன்னிரண்டையும் ஒட்டி ஒட்டி ஒரே வரிசையாகக் கட்டிவிட்டேன். எழுந்து தள்ளி நின்று பார்த்தால் அது எங்கள் லயம். பிறகென்ன, காம்பரா என்கிற அறைக்கு ஒருவர் என்று எங்கள் ஆட்களின் பெயரையே போட்டேன். எங்கள் காம்பராவுக்கு மட்டும் இரண்டு பேர், அக்காவும் நானும். என்னைத் தண்ணீர் விழும் பீலியடியில் நிற்கவைத்தேன். அம்மாவையும் சேர்க்கட்டுமா என்று கேட்டபோது, "எனக்கு இங்க உள்ள வேலையே போதும், அங்க வேற போயி மாரடிக்கணுமா" என்றாள்.

லயத்தில் இதைச் சொன்னேன். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். எல்லாருக்கும் ஒரே குஷி. "எனக்கு என்னா வேல குடுத்துருக்க?" "நான் அங்கயும் கொழுந்துதான் எடுக்கிறேனா?" ஞாயிற்றுக்கிழமை பீலியில் துணி துவைக்கும்போது அந்த வாரத்துச் சங்கதியைக் கேட்பார்கள். தொங்கல் காம்பரா மாமா, அதாவது லயத்தின் கடைசி அறைக்காரர், முப்பது வருடம் இரவுக் காவல் பார்த்தவர். அவருக்குப் பழத்தோட்டம் கொடுத்திருந்தேன். "பகல் வேலதானே? அது போதும்" என்று அவருக்கு ஏகப்பட்ட சந்தோசம்.

ஒரு பெயர்ப் பலகைக்கு இவ்வளவு ஆட்டமா என்று வெளியாட்கள் கேட்கலாம். தோட்டத்தில் பெயர் என்பது சும்மா கூப்பிடுவதற்கு இல்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் செக்ரோல் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் வாசிப்பார்கள். பெயர் இருந்தால் வேலை, வேலை இருந்தால் காம்பரா. "பேரை வெட்டிட்டாங்க" என்று சொன்னால், அந்தக் குடும்பம் சட்டிபானையைத் தூக்க வேண்டியதுதான். நாலு தலைமுறையாக இருந்தாலும் கதவு நம்முடையதில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டம் அரசாங்கத்திடமிருந்து கம்பெனி கைக்கு மாறியது. அன்று பெரட்டுக்களத்தில் தங்கள் பெயர் வாசிக்கும்வரை பெரிய ஆட்கள் முகத்தில் ரத்தமே இல்லாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அப்போது வேறு ஒரு யோசனையும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தவறி இரண்டு வருடம். இரண்டு தம்பிகள் பள்ளிக்கூடத்தில். தோட்டத்துக்கு வெளியே ஒரு துண்டு நிலமும் நம்முடையது என்று சொல்ல ஒரு கதவும் வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். கினிகத்தேனையிலிருந்து ஒரு ஏஜென்சிக்காரர் வந்து போனார். வெளிநாட்டில் வீட்டு வேலை. அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "மூத்தவ போகட்டும். அவ மாட்டேன்னா சின்னவ போகட்டும். ரெண்டுல ஒருத்தி."

அக்காவுக்கு அப்போது இருபத்தாறு. நாளைக்கு இருபது கிலோ கொழுந்து எடுக்கிற கை. பேசினால் எதிராளி வாயைக் கட்டிவிடுவாள்; என் வாய் அவளிடமிருந்து வந்ததுதான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் எனக்குள் அவள் போகட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பேக்கரிக்கு மேலிருந்த அந்த அறையை விட்டுப் போக எனக்குத் துளியும் இஷ்டமில்லை.

அந்த நேரத்தில்தான் ஆட்கள் காணாமல் போகத் தொடங்கினார்கள்.

ஒரு திங்கட்கிழமை ஊரைத் திறந்தேன். தொங்கல் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கூரையில் புகை போய்க்கொண்டிருந்தது. மாமா இல்லை. அந்த விளையாட்டில் யாராவது செத்தால் சின்னக் கல் ஒன்று முளைக்கும். ஊரை விட்டுப் போனால் மூட்டையோடு கீழ்வாசல் வழியாகப் போவார்கள். கல்லும் இல்லை, மூட்டையும் இல்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தேன். பழத்தோட்டத்தில் பழம் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தது. கூடை நிறைந்தது. வீட்டிலிருந்து தோட்டத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் புல் முளைக்கவில்லை. ஆள் இல்லை, ஆனால் யாரோ நடந்துகொண்டே இருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கித் தெருவை மூடியிருந்தது. நான் சட்டென்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கீழே பேக்கரி வாசலில் போய் நின்றுகொண்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மாவிடம் சொன்னேன். பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். சிரித்தார்கள். அந்த வியாழக்கிழமை மாமா கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கம் நடந்து போகும்போது விழுந்தார். தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

அவருக்கு வயது எழுபதுக்கு மேல். பிரஷர் இருந்தது. நான் அதைத்தான் எல்லாரிடமும் சொன்னேன். அடுத்த வாரம் பத்தாம் காம்பரா அக்காவின் மகன் திரையில் இல்லை. நான் வாயைத் திறக்கவே கூடாது என்று வைராக்கியமாக வந்தேன். அந்தக்கா என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள். "ஏம்மவன் இல்லையா?" எனக்குப் பொய் வரவில்லை. மூன்று நாளில் செய்தி வந்தது, கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு நின்ற அவனை பொலிஸ் ரவுண்டப்பில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று. அந்த நாட்களில் எங்கள் பையன்களைப் பிடிப்பதற்குத் தமிழ்ப் பெயரோடு ஒரு அடையாள அட்டை போதும். எந்த விளையாட்டும் தேவையில்லை. அவன் ஒன்றரை மாதத்தில் திரும்பியும் வந்துவிட்டான். ஆனாலும் அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் இரண்டு நாளைக்கு ஒருவர், மூன்று நாளைக்கு ஒருவர். வரிசையாக வீடுகள் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றன. அடுப்புப் புகை மட்டும் நிற்கவில்லை. குடங்கள் நிறைந்தன, கொடியில் துணி மாறியது. காலையில் எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்து மாலையில் ஒரே நேரத்தில் மூடின. லயத்தில் சில பேர், "ஏம்பேர அதுலேருந்து எடுத்துரு தாயி" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். சில பேர், "எடுத்துறாத, எடுத்தா வெட்டுன மாதிரி ஆயிரும்" என்றார்கள். பத்தாம் காம்பரா அக்கா டவுனுக்கே வந்து, மஞ்சள் தடவிய ஒரு எலுமிச்சம்பழத்தைக் கம்ப்யூட்டர் தலையில் வைத்துவிட்டுப் போனாள். நானா மேலே ஏறி வந்து பார்த்தார். "என்ன தங்கச்சி, எங்கட வகுப்பக் கோயிலாக்கப் போறீங்களா? இது மெஷின். கெட்டுப்போனா ரிப்பேர் செய்யோணும், பழம் வைக்கப்படாது." சொன்னாரே தவிர, அந்தப் பழத்தை அவரும் எடுக்கவில்லை.

எனக்குப் பயமும் கோபமும் சேர்ந்து வந்தன. ஏ.எல். படித்தவள், பைனரி கணக்குச் சொல்லிக்கொடுப்பவள், ஒரு சீடியைப் பார்த்து நடுங்குவதா என்று என் மேலேயே எரிச்சல். விளையாடுவதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. இன்றைக்கு யார் என்று பார்க்காமல் பஸ் ஏறினால், லயத்து வாசலில் என்ன பதில் சொல்வது?

ஏஜென்சிக்காரர் மெடிக்கல் சோதனைக்கு நாள் குறித்தார். முந்தின ஞாயிறு பீலியடியில் அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "செவ்வாக்கெழம டவுனுக்கு போட்டோ புடிக்க வாறேன். ஒங்க கம்ப்யூட்டர காட்டு. ஏம்பேரு இருந்தா போறேன். இல்லாட்டி என்ன வெட்டிப் போட்டாலும் போகமாட்டேன். அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

கேலிக்குச் சொல்கிறாளோ என்று பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது. அவ்வளவு வாய்க்காரி இப்படிப் பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே ஊரைத் திறந்துவிட்டேன். பன்னிரண்டு கதவும் திறந்து கிடந்தன. பன்னிரண்டு கூரையிலும் புகை. மலைச்சரிவு முழுக்க ஒரே ஒரு ஆள்தான் கண்ணுக்குத் தெரிந்தது. பீலியடியில் நான்.

அக்கா இல்லை. மூலை முடுக்கெல்லாம் தேடினேன். மரத்தடி, கிணற்றடி, கீழ்வாசல். எங்கள் வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவள் இல்லை.

அக்காவிடம் அதைச் சொன்னால் அவள் போகமாட்டாள். அவள் போகாவிட்டால் நான் போக வேண்டும். இதை யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பீலியடியில் நின்ற என் மேல் மவுஸ் அம்பை வைத்து அழுத்தினேன். பெயர்ப் பலகை திறந்தது. என் பெயரை அழித்துவிட்டு அக்காவின் பெயரை அடித்தேன். எட்டு எழுத்துக்குள் அது சரியாக அடங்கியது.

அக்கா போட்டோவுக்காகப் பவுடர் பூசி, என் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஆங்கில எழுத்து அவளுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். திரையருகே குனிந்து ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு கேட்டாள். "நான் மட்டுந்தான் நிக்கிறேனா? மத்தவங்கள்லாம்?"

"மலைக்குப் போயிருக்காங்க. சாயந்தரம் வந்துருவாங்க" என்றேன்.

அடுத்த மாதமே அக்கா போய்விட்டாள். அவள் போன அன்று அந்த ஊரை ஒரு பிளாப்பியில் சேமித்து எடுத்தேன். அதற்குப் பிறகு அதைத் திறக்கவில்லை. அந்த ஒரு பெயர்தான் திரையில் மிச்சம். மறுபடி திறந்தால் அதுவும் போயிருக்கும் என்று எனக்குத் திடமாகத் தெரிந்தது. திறக்காதவரை அவள் அங்கே நிற்கிறாள். படித்த பைத்தியம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன், ஆனாலும் திறக்கவில்லை. லயத்து ஆட்களிடம் சீடி கெட்டுவிட்டது என்றேன். இரண்டு மழைக்காலத்தில் அது உண்மையிலேயே பூத்து, சிலந்தி வலை மாதிரிக் கோடு விழுந்து, எந்த மெஷினிலும் ஓடாமல் போனது.

முதல் வருடம் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டவுனிலுள்ள கொமியூனிகேஷன் டெலிபோன் கடைக்குக் கூப்பிடுவாள். அம்மா காலையிலேயே போய்க் காத்திருப்பாள். அப்புறம் கூப்பிடுவது நின்றது. கடிதமும் நின்றது. ஏஜென்சிக்காரர், அவள் வேறு வீட்டுக்கு வேலை மாறிவிட்டாள் என்றார், அப்புறம் அவரே கடையை மூடிவிட்டுக் காணாமல் போனார். அம்மா ஒவ்வொரு மாதமும் என்னைக் கேட்பாள், "அந்த மெஷின்ல அவ பேரு இருக்கா?" நான் "இருக்கும்மா" என்பேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். வகுப்பில் மெஷின்கள் மாறின. ஒவ்வொரு புது மெஷினுக்கும் அந்தக் கோப்பை முதல் வேலையாக நகல் எடுத்து வைத்தேன். வீடு மாறும்போது சாமி படத்தை முதலில் கொண்டுபோவார்களே, அப்படி. திறந்து பார்க்கும் தைரியம் மட்டும் வரவில்லை.

ஆறு வருடம் கழித்து ஒரு மத்தியானம், யாருக்கும் சொல்லாமல், ஒரே ஒரு பையோடு அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

சந்தோசப்படத்தான் வேண்டும். பட்டோம். அம்மா மண்ணில் உட்கார்ந்து அழுதாள். ஆனால் வந்தவள் பேசவில்லை. கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். சாப்பிட்ட தட்டை எல்லாருடைய தட்டோடும் வைக்காமல் தனியாக வைப்பாள். கதவோரமாகவே படுப்பாள். எல்லாவற்றையும்விட ஒன்று என்னைக் கலக்கியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். மூன்று தரம் கூப்பிட வேண்டும். மூன்றாவது தரம், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோலச் சுற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் எழுந்து வருவாள். ஒரு நாள் அடுப்படியில் அம்மா என் காதில் கேட்டாள், "இது அவதானா புள்ள?" நான் அம்மா மேல் எரிந்து விழுந்தேன்.

அதற்கும் சில வருடம் கழித்து வகுப்பறைக்கு இன்டர்நெட் வந்தது. அப்போது நானாவுக்கு வயதாகிவிட்டது, வகுப்பை நான்தான் நடத்தினேன். ஒரு மத்தியானம் சும்மா அந்த விளையாட்டின் பெயரைத் தேடிப் பார்த்தேன். அதை இன்னும் விளையாடுகிறவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். அவர்கள் பேசிக்கொள்வதற்கென்று ஒரு பக்கமும் இருந்தது. பழைய விளையாட்டைப் பூட்டு எதுவும் இல்லாமல் புதிதாக வெளியிடப் போகிறார்கள் என்று அங்கே ஒரே பேச்சு.

பூட்டா, என்ன பூட்டு என்று படித்துக்கொண்டே போனேன். உள்ளே போன டிஸ்க் அசலா நகலா என்று அந்த விளையாட்டு ஒவ்வொரு தடவையும் பார்க்குமாம், காலைப் பெரட்டு மாதிரி. நகல் என்று கண்டால் உடனே ஒன்றும் செய்யாது. ஒரு மாதம் விட்டு, ஊரிலுள்ள ஆட்களை ஒவ்வொருவராகக் கண்ணுக்குக் காட்டாமல் மறைத்துவிடும். அவர்கள் சாகவில்லை, போகவுமில்லை. அங்கேயேதான் நடமாடுவார்கள், வேலை செய்வார்கள், திரையில் மட்டும் தெரியமாட்டார்கள். நகல் வைத்திருப்பவன் கோளாறு என்று நினைத்துக் கம்பெனிக்கே கூப்பிட்டு மாட்டிக்கொள்வான் என்று செய்தவர்கள் போட்ட கணக்கு. அந்தப் பக்கத்தில் எல்லாரும் இதைச் சொல்லிச் சிரித்திருந்தார்கள்.

எனக்கு உடம்பு எரிந்தது. எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து எவனோ செய்த விளையாட்டுத்தனத்தால் இங்கே பத்தாம் காம்பராக்காரி எலுமிச்சம்பழத்தோடு மலையிறங்கி வந்தாள். அசல் டிஸ்க் எங்களுக்கு யார் விற்றார்கள், நாங்கள் திருடுவதற்கு? கத்த வேண்டும் போல இருந்தது. கோபம் அடங்கியதும் அடியிலிருந்த பயம் மேலே வந்தது. மாமாவின் சாவும் ரவுண்டப்பும் அந்தச் சீடிக்குத் தெரியாது. அப்படியென்றால் அன்றைக்கு அக்கா இல்லாமல் போனதற்கும் ஒரு அர்த்தமும் இல்லை. இல்லையென்று நான் அன்று உண்மையைச் சொல்லியிருந்தால், அர்த்தமில்லாத ஒன்றை நம்பியே அவள் வீட்டில் இருந்திருப்பாள்.

அந்தப் பக்கத்தில் சண்டைக்கும் குறைவில்லை. விற்கிற தளம் நாளைக்கு மூடினால் என்ன செய்வது, அடுத்த விண்டோஸில் ஓடுமா, லினக்ஸ்காரர்களைக் கைவிட்டுவிட்டார்களே, பழைய மெஷின்காரர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லையே என்று பக்கம் பக்கமாகக் கவலை. ஒருவர் எழுதியிருந்தார்: பூட்டில்லாதது என்றால் கடை மூடினாலும் கோப்பு உன் கையில், ஒவ்வொரு நாளும் யாரிடமும் போய் நான் இருக்கலாமா என்று கேட்க வேண்டியதில்லை. எந்தத் தேசத்துக்காரரோ தெரியாது. எங்கள் லயத்து ஆள் எழுதிய மாதிரி இருந்தது. பழைய கோப்புகளும் இதில் திறக்கும் என்று இன்னொருவர் சொல்லியிருந்தார்.

நானாவின் மகன் கொழும்பில் பாங்கில் இருந்தான். அது வெளியானதும் அவனுடைய கார்டில் வாங்கித் தந்தான். லைன் அறுந்து அறுந்து இறங்கி முடிய இரண்டு பகல் ஆனது. வகுப்பிலிருந்த பழைய மெஷின்கள் அதற்கு ஆகாது. ஒன்றே ஒன்று ஏற்றுக்கொண்டது. தனியாகத் திறக்க எனக்குத் தைரியமில்லை. "ஒங்கிட்ட ஒன்னு காட்டணும்" என்று அடுத்த நாள் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் வந்தாள்.

நாலு மணி. மேகம் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு நின்றது. அந்த இரும்புத் தட்டல் இசை கேட்டது. மலைச்சரிவு தெரிந்தது. பன்னிரண்டு வீடு. பன்னிரண்டு புகை. பிறகு ஒரே நேரத்தில் எல்லாரும் தெரிந்தார்கள்.

எல்லாரும். செத்துப்போன மாமா பழத்தோட்டத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். பத்தாம் காம்பரா மகன் விறகு தூக்கிக்கொண்டு போனான். யாருக்கும் ஒரு நாள்கூட வயதாகவில்லை. அவரவர் பாதையில், நான் பல வருடம் முன்னால் புல் முளைக்காமல் பார்த்த அதே பாதையில், நடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அன்று நான் தேடியபோதும் அவள் அங்கேதான் நின்றிருக்கிறாள்.

அக்கா திரையை வெகுநேரம் பார்த்தாள். வாய்க்குள் ஒவ்வொரு பெயராகப் படித்தாள். வெளிநாட்டு வீட்டில் டப்பா லேபிள் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஆங்கில எழுத்து இப்போது தடுமாறாமல் வந்தது. பிறகு பீலியடியைக் காட்டினாள்.

"நான் ஏன் ரெண்டு எடத்துல இருக்கேன்?"

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவள் பேர் திரையில் இல்லாததையும், நான் மாற்றியதையும், மலைக்குப் போயிருக்கிறார்கள் என்று அவிழ்த்துவிட்டதையும்.

"நான் போகாட்டி நீ போயிருப்ப."

"ஆமாக்கா."

"அதுக்குப் பயந்துதான் செஞ்ச."

"ஆமா."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசத் தொடங்கினாள். திரும்பி வந்து இத்தனை வருடத்தில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

"ரெண்டாவதா போன வீட்டுல எனக்கு ஏம்பேரு இல்ல. எனக்கு முன்னாடி வேல செஞ்சவ பேரயே எனக்கும் வச்சிட்டாங்க. புதுப் பேரு அவங்க வாயில வரலயாம். அவ படுத்த எடத்துலதான் நானும் படுத்தேன். அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் அவ நகத்தால நாளைக்கு ஒரு கோடு போட்டு வச்சிருந்தா. நெறைய கோடு. ஒரு எடத்துல நின்னுருச்சு. அதுக்கு மேல இல்ல. அவ எங்க போனான்னு நான் ஒருநாளும் கேக்கல. கேட்டா சொல்லிருவாங்களோன்னு பயம். நாலு வருசம் அவ பேரச் சொல்லிக் கூப்பிட, நான்தான் போயி நின்னேன்."

கீழே பேக்கரியில் தட்டுகளை இறக்குகிற சத்தம் கேட்டது. அக்கா விரலை நீட்டிப் பீலியடியில் நின்ற பெண்ணைத் தொட்டாள்.

"ஏம்பேரு வைக்கிறதுக்கு முன்னாடி இது யாரு?"

"நான்தான்."

அவள் மறுபடி மேலிருந்து கீழாக எல்லாப் பெயரையும் தேடினாள். பழத்தோட்டம், மரத்தடி, கிணற்றடி, கீழ்வாசல். அன்று நான் அவளைத் தேடிய அதே வரிசையில் தேடினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் வந்துட்டாங்க. நீ எங்கடி?"

அழுகைதான் வந்தது. அவள் என்னைத் தேற்றவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பெயர்ப் பலகையைத் திறக்க வழி கேட்டாள், காட்டினேன். ஒற்றை விரலால் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். பலகை வெறுமையாக நின்றது.

"ஒம்பேர எழுத்துக்கூட்டிச் சொல்லு" என்றாள்.

சொல்லத் தொடங்கினேன். மூன்றாவது எழுத்தில் நின்றுவிட்டேன். அவள் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ம். அடுத்தது?"